எதிர்மலை திருப்பிச் சொன்னது

"ஆத்துல இறங்காதீங்க" என்று மழையக்கா ஒலிபெருக்கியில் சொன்னதை, எதிர்மலை "இறங்குங்க" என்று திருப்பிச் சொன்னது.

காதில்தான் கோளாறு என்று நினைத்தாள். சாயங்காலம் போனில் வரும் வானிலைத் தகவலை ஊருக்கு அறிவிப்பது அவள் வேலை. அவள் மழை என்று சொன்ன நாளெல்லாம் வெயில் கொளுத்தியதில், "மழையக்கா சொல்லிட்டாங்க, துணியைக் காயப்போடு" என்று ஊரே கிண்டலடிக்கும். அடித்துவிட்டுப் போகட்டும்! ஆனால் இன்று மேற்கே, ஆறு புறப்படுகிற காட்டில், வானம் பிய்த்துக்கொண்டு கொட்டுகிறதாம். இங்கே ஒரு சொட்டு இல்லை, ஆறு வெறும் மணலாகக் கிடக்கிறது. அக்கரைத் தோட்டத்தில் அவள் வீட்டுக்காரரும் மகளும் இருக்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் அந்த மணலில் நடந்துதான் வீடு திரும்புவார்கள்.

சூடேறிய ஆம்ப்ளிஃபயரின் தூசி நாற்றமும், சன்னல் வழியாக எங்கிருந்தோ வந்த ஈரமண் வாசனையும் கலந்து மூக்கை அடைக்க, மைக்கை வாயருகே இழுத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"வெள்ளம் வருது. ஆத்துல இறங்காதீங்க."

மலை கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது.

"ஆத்துல... இறங்குங்க."

அவள் குரலேதான். இரண்டு நாளாகத் தொண்டையில் இருக்கிற கரகரப்புகூட அப்படியே இருந்தது. ஆனால் அதில் ஒரு கொஞ்சல். மைக்கில் அவள் யாரையும் கொஞ்சியதே இல்லை.

வெடுக்கென்று பிளக்கைப் பிடுங்கினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. இரைச்சல் நின்றது.

"தண்ணி இல்ல" என்றது மலை. "இறங்கி வாங்க. வாடா தங்கம்."

அதை அவள் சொல்லவே இல்லை.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எடுங்க. எடுத்துத் தொலைங்களேன்!

"என்ன, வந்துட்டுத்தானே இருக்கோம்" என்றார். சிரிப்பு கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"நடு ஆத்துல. நீதானே விடாம கூப்பிடுற. அம்மா மைக்குல என்னை தங்கம்னு சொல்றாங்கன்னு பாப்பா முன்னால ஓடுறா."

"ஐயோ, அது நான் இல்லங்க! திரும்புங்க! அவளைத் தூக்கிட்டுக் கரையேறுங்க!"

"என்னது? கேக்கல. ஏதோ லாரி வர்ற மாதிரி சத்தம்..."

ஆற்றுக்குள் ஏது லாரி?

போன் கட்டாகிவிட்டது.

செருப்புகூடப் போடாமல் ஓடினாள். கரை வந்தபோது மணல் இல்லை. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் செந்தண்ணீர் மரங்களைப் புரட்டிக்கொண்டு போனது. பெயர் சொல்லிக் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். முதல் தடவையாக மலை எதையும் திருப்பிச் சொல்லவில்லை.

பிறகு சொன்னது.

"அம்மா." மகளின் குரல். ஓடிவந்த மூச்சு வாங்கல்கூட இருந்தது. "தண்ணி இல்லம்மா. இறங்கு."

"வாயேன்" என்றது வீட்டுக்காரரின் குரல், தினமும் அவளைச் சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரல். "உனக்காகத்தான் நிக்கிறோம்."

முழங்கால் சில்லென்றது. குனிந்து பார்த்தாள். எப்போது இறங்கினாள்?

"இன்னும் கொஞ்சம்" என்றது மலை. இப்போது அது மறுபடி அவள் குரலில் பேசியது.