ஒருநாள் விட்டு ஒருநாள்

கிட்ட வந்து உட்காருங்கள், மக்களே. குளிருகிறவர்கள் என் சேலைத்தலைப்புக்குள் புகுந்துகொள்ளுங்கள். கைகளை மட்டும் எனக்குத் தெரியும்படி வெளியே நீட்டி வையுங்கள். ஏன் என்று கடைசியில் உங்களுக்கே விளங்கும். நாகர்கோவில் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியோடு கிடந்த காலத்தில், கோட்டாற்றில் ஒரு வீட்டுக்குக் கார் வந்த கதையைச் சொல்கிறேன்.

முதலில் வந்தது வாடைதான். ஞானபாய் காரின் பின்கதவைத் திறந்ததும், பழஞ்சோற்றில் யாரோ எலுமிச்சையைப் பிழிந்து ஒரு வாரம் மூடி வைத்ததைப் போன்ற புளித்த வாடை முகத்தில் அடித்தது. தோல் இருக்கையை அவள் சோப்பு நுரை போட்டுக் கழுவினாள், வெயிலில் கதவுகளைத் திறந்து போட்டாள், சாம்பிராணியும் காட்டினாள். வாடை காலையில் மெலிந்து, சாயங்காலம் மறுபடி தடித்தது.

“ரப்பர் ஷீட்டு ஏத்தின வண்டிதானே, மணக்கத்தான் செய்யும்” என்றான் அவள் புருஷன் ரசலையன்.

கோட்டாற்றில் அவனுக்குப் பலசரக்கு மண்டி. குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒரு முதலாளி செத்துப்போய், அவருடைய மனைவி விற்ற கார் இது. கறுப்பு நிறம், இரண்டு பக்கமும் ஏறுபடி, முன்னால் கம்பியை விட்டுச் சுழற்றினால்தான் உயிர் வரும். முதல் நாள் அது புறப்படாமல் அடம்பிடிக்க, பக்கத்து வீட்டுக் கிருஷ்ணமணி முதுகைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே, காளைக்குப் புல் போட்டால் போதும், இந்த வாகனத்துக்கு ஊரே வந்து தோள் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று கிண்டல் செய்தான். தெருவே சிரித்தது. உபதேசியார் வந்து பானெட்டில் கைவைத்து ஜெபம் பண்ணிப் போனார்.

ஆசைக்கு வாங்கிய காரில்லை அது. அவர்களுக்கு லீமா ஒரே பிள்ளை, ஒன்பது வயது. பிறந்ததிலிருந்து மூச்சிழுப்பு. போன மழைக்காலத்தில் மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் அவள் உதடும் நகமும் நீலமாகி, மூச்சு ஒருதரம் நின்றே போயிற்று. அன்றைக்கு ரசலையன் நடுரோட்டில் முழங்காலிட்டு அழுததை ஞானபாய் பார்த்தாள். அடுத்த மழைக்குள் கார் வாங்குவேன் என்று அங்கேயே சொன்னான்.

இன்னொன்றும் நடந்தது. கார் வந்த நாளிலிருந்து லீமாவுக்கு இழுப்பு இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். அந்தப் புளித்த வாடைக்குள் அவள் நெஞ்சு கிணற்றுத் தண்ணீரைப் போல அசங்காமல் ஏறி இறங்கும். பிறகு எந்தத் தாய்க்கு அந்த வாடை பெரிதாகத் தெரியும், சொல்லுங்கள்?

காரின் டிக்கியில் ஒரு சணல் சாக்கு சுருட்டிக் கிடந்தது. காரை ஓட்டிக்கொண்டு வந்த பழைய டிரைவர் சிலுவை, வழியில் ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, அதை அவிழ்க்காமல் அப்படியே தண்ணீரில் போட்டுவிடும்படி ரசலையனிடம் கெஞ்சியிருக்கிறார். சாக்கில் ஒரு கிழிசல்கூட இல்லை. கிழியாத சாக்கை ஆற்றில் எறிகிற மண்டிக்காரன் கோட்டாற்றில் உண்டா? வீட்டுக்குக் கொண்டுவந்து உதறினான். உள்ளிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வளைந்த கத்தி ஒன்றும், கம்பிக்காது மாட்டிய தேங்காய்ச் சிரட்டை ஒன்றும் விழுந்தன. சிரட்டையின் உட்புறம் கறுத்து, மெழுகு பூசியதுபோல் இருந்தது. கத்தியை அவன் மூட்டைக் கயிறு அறுக்க இடுப்பில் செருகிக்கொண்டான். சிரட்டையை ஞானபாய் கோழிக்குத் தண்ணீர் வைக்க எடுத்தாள்.

கோழிகள் அதில் வாய் வைக்கவில்லை. வட்டமாக நின்று பார்த்தன.

மறுநாள் விடியற்காலையில் முற்றத்து முருங்கை மரத்தில் ஒரு வெட்டு இருந்தது. இடமிருந்து வலமாகச் சாய்ந்து இறங்கிய, நூல் பிடித்ததைப் போன்ற மெல்லிய சீவல். ரப்பர் மரத்தில் பால் எடுப்பவர்கள் அப்படித்தான் பட்டையைச் சீவி, வெட்டின் முனைக்கடியில் சிரட்டையை மாட்டுவார்கள். இங்கேயும் சிரட்டை மாட்டியிருந்தது, உள்ளே கொஞ்சம் பிசின். ரசலையனிடம் கேட்டால், முருங்கையில் பால் கறக்க எனக்கென்ன கிறுக்கா என்று சிரித்தான். லீமா அதற்குள் எழுந்து காரில் உட்கார்ந்திருந்தாள். விரல்நுனியிலிருந்து வெள்ளையாக எதையோ தோல்போல உரித்துக்கொண்டிருந்தாள். நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்ட பசை என்று ஞானபாய் நினைத்தாள்.

அடுத்த நாள் ஒன்றுமில்லை.

அதற்கடுத்த நாள், முதல் வெட்டுக்கு ஒட்டிக் கீழே இரண்டாவது வெட்டு.

பிறகும் ஒருநாள் சும்மா போயிற்று. ஐந்தாம் நாள் காலையில் தூணில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டி நின்றபடியே செத்திருந்தது. கயிறு அதை விழாமல் பிடித்திருந்தது. கழுத்தில் அதே சாய்வு. கீழே சிரட்டை நிறைந்து, விளிம்பில் சிவப்பு கட்டிக் கிடந்தது. லீமா வாசலில் நின்று பார்த்தாள், அழவில்லை.

“பாவம்மா. ஆழமாப் பட்டுட்டு” என்றாள்.

அதிர்ச்சியில் பிள்ளைக்குக் கண்ணீர் வரவில்லை என்று ஞானபாய் அவளை அணைத்துக்கொண்டாள். அவள் கண் மட்டும் புருஷனுடைய இடுப்பில் போய் நின்றது. கத்தி அங்கேதான் இருந்தது.

காரை விற்றுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். தோளில் சாய்ந்திருந்த பிள்ளையின் மூச்சு சத்தமில்லாமல் கழுத்தில் பட்டது. அந்த நினைப்பை அப்படியே விழுங்கினாள்.

ஆறாம் நாள், சித்தியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்துக் குலசேகரம் போனாள். சாரல் பெய்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் மார்பிலும் சாய்ந்த வெட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரட்டை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சிலுவை தன் குடிசை வாசலில் பீடி புகைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பீடி கீழே விழுந்தது.

“சாக்க அவுத்தியளா?” என்றார்.

அவள் தலையாட்டினாள்.

“வீட்டுக்குள்ள கொண்டு போனியளா, மக்கா?”

பிறகு அவர் சொன்னார். தோட்டத்தில் சுடலையாண்டி என்று ஒரு பால்வெட்டுக்காரன். ஒரு குடம் பாலைத் திருடி விற்றான் என்று முதலாளி அவனை மரத்தில் கட்டினார். அவனுடைய கத்தியையே வாங்கி, மரத்தை வெட்டுகிற மாதிரி அவன் உடம்பில் சாய்வாக வெட்டி, சிரட்டையை மாட்டினார். ஒரு வெட்டோடு நிற்கவில்லை. கோபம் இறங்கியதும் பயம் வந்தது. அவனைக் காரின் பின்சீட்டில் போட்டு, ஆஸ்பத்திரி ரோட்டைத் தொடாமல், அவன் அடங்கும் வரைக்கும் தோட்டத்துக்குள்ளேயே சுற்றச் சொன்னார். சிலுவை ஓட்டினார். பின்னால் சிரட்டையில் சொட்டுகிற சத்தம் எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்டது.

“அவன் ஏசல்ல, மக்கா. அழவும் இல்ல. தொழில் சொல்லிக் குடுக்கிற மாதிரிதான் பேசுனான். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டணும், மொதலாளி, இல்லேன்னா மரம் செத்துப்போவும்னு. அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.”

ஒரு மாதம் கழித்து முதலாளி அதே பின்சீட்டில் பிணமாகக் கிடந்தார். கழுத்திலிருந்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினான்கு வெட்டு. ஒரே நாளில் வெட்டியதில்லை என்று டாக்டர் சொன்னார். வெட்டியது யாரென்று போலீசுக்குத் தெரியவில்லை. வீட்டு அம்மாள் அந்த மாதம் முழுக்கப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அவரும் அவருடைய சின்ன மகனும்தான் இருந்தார்கள். பையன் அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தானாம்.

“இனி வெட்டு என்னைக்கு?” என்று சிலுவை கேட்டார்.

ஞானபாய் விரல் மடக்கினாள். நாளைக் காலை.

திரும்பும் பஸ்ஸில் அவள் மனம் ஒரே இடத்தில் சுற்றியது. கத்தி புருஷனிடம். பிள்ளை அவனோடு. வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தியையும் சிரட்டையையும் பிடுங்கிக் கிணற்றில் போட்டாள். இரண்டும் விழுந்த சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டாள். பிறகு எல்லாவற்றையும் புருஷனிடம் சொன்னாள். அவன் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

“நான் என் பிள்ளைய வெட்டுவேன்னா நெனச்ச, ஞானா?”

அவள் இன்றைக்கு மட்டும் வெளியே படுங்கள் என்று காலைப் பிடித்தாள். அவன் அவள் தலையைத் தடவினான். நீ உறங்கினால் எனக்குப் போதும் என்று சொல்லி, போர்வையை எடுத்துக்கொண்டு காரின் பின்சீட்டில் போய்ப் படுத்தான்.

அவள் கதவைத் தாழிட்டாள். ஜன்னலை அடைத்தாள். தன் சேலை நுனியை லீமாவின் பாவாடையோடு இரட்டை முடிச்சாக முடிந்தாள். பிள்ளையின் நெஞ்சில் கைவைத்து, சீரான அந்த மூச்சை எண்ணிக்கொண்டே கிடந்தாள். கோழி கூவும் நேரம் வரை எண்ணினாள். அப்புறம்தான் கண் அசந்தது.

விழித்தபோது கைக்கடியில் பாய்தான் இருந்தது.

சேலை நுனியின் இரட்டை முடிச்சு அவிழ்ந்து கிடந்தது.

தாழ் திறந்திருந்தது. உள்ளிருந்து திறந்த தாழ்.

முற்றம் வெளுத்திருந்தது. கிணற்றடியிலிருந்து கார் வரைக்கும் ஈரக் காலடி. சின்னக் காலடி.

வாடை.

டொக். கொஞ்சம் பொறுத்து, டொக்.

காரின் பின்கதவு திறந்து கிடந்தது. ரசலையன் சீட்டில் நிமிர்ந்து சாய்ந்திருந்தான். கண்கள் திறந்திருந்தன. உயிர் இருந்தது. இமை அசைந்தது. வேறெதுவும் அசையவில்லை. காதுக்குக் கீழிருந்து மார்பு வரைக்கும் ஒரே வெட்டு, நூல் பிடித்த சாய்வு. அதன் முனையில் சதைக்குள் வளைத்து மாட்டிய கம்பி. கம்பியில் சிரட்டை. அதில் சொட்டியது சிவப்பாக இல்லை. வெள்ளையாக இருந்தது. பால்போல. கெட்டியாக.

ஏறுபடியில் லீமா குந்தியிருந்தாள். கையில் கத்தி. அதிலிருந்து கிணற்றுத் தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. நெஞ்சு சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. அவள் திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

“இந்தத் தடவ ஆழமாப் படல்லம்மா.”

ஞானபாய் ஓரடி பின்வாங்கினாள்.

லீமா எழுந்து வந்தாள். பெருவிரலால் அம்மாவின் கழுத்தை மெல்ல அழுத்தினாள். காதுக்குக் கீழே. கொஞ்சம் தள்ளி. பட்டை எங்கே மெலிசு என்று தேடுகிற விரல். ஒரு இடத்தில் நின்றது.

“பயப்படாதம்மா. நாளைக்கு வெட்ட மாட்டேன்” என்றாள். “ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டணும். இல்லேன்னா மரம் செத்துப்போவும்.”

டொக்.

கைகளைக் காட்டுங்கள், மக்களே. எல்லோரும் காட்டுங்கள். சரி, எந்த விரலிலும் வெள்ளையாக ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. உங்கள் வீட்டுக்குள் வருகிற சாமான் எல்லாம் நல்ல கை தொட்டு வந்ததாக இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் மூச்சுக்கு யாரும் விலை கொடுக்க வேண்டாதிருக்கட்டும். விடியும்போது ராத்திரி படுத்த எல்லோரும் உங்கள் பாயில் படுத்தபடியே இருக்கட்டும். போய் உறங்குங்கள், என் கண்ணுகளே.