இறங்க மறுத்த மவுண்ட்

லிந்துலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பனி மூடியிருந்தது. பௌர்ணமி விடுமுறையான போயா நாள், பகல் ஒரு மணி. வினோதா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தோட்டத்துப் பாதையில் ஏறினாள். வளைவு திரும்பினால் பழைய தேயிலை ஸ்டோர். கொழுந்து அரைத்த காலம் முடிந்து, இப்போது அதன் மேல்மாடியில் கொழும்புக் கம்பனி ஒன்றின் மெயின்பிரேம் கணினி ஓடுகிறது.

ஸ்டோருக்கு மேலே மலையில் நீளமாக ஒரு சிவப்புத் தழும்பு. ஆறு மாதத்துக்கு முன் அந்த இடத்தில் ஒரு லயம், தொழிலாளர் வீட்டு வரிசை, இருந்தது.

அவள் நிமிர்ந்து பார்க்காமல் நடந்தாள்.

கதவைத் திறந்தவள் அம்மாக்கண்ணு. அங்கே கூட்டித் துடைத்து, பிளேன்டீ ஊற்றிக் கொடுப்பவள்.

"வாங்க மிஸ். என்னா இது, குச்சி கணக்கா இருக்கீங்க? கொழும்புல சோறு கீறு போடுறாங்களா இல்லயா?"

"போடுறாங்கம்மா. திங்கத்தான் நேரமில்ல."

"எங்க துஷாந்தும் இதேதான் சொல்லுவான். எந்நேரமும் கொழும்பு அக்கா, கொழும்பு அக்கான்னு போன காதுலயே ஒட்டி வச்சிருப்பான். அது நீங்கதானே?"

வினோதா தலையாட்டினாள். மண் சரிந்த அன்று துஷாந்த் பேசிய கடைசி அழைப்பைப் பற்றி, அவன் அம்மாவான இவளிடம் நேரில் சொல்லிவிடத்தான் அவள் வந்திருந்தாள். பஸ்ஸில் வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கி அடுக்கிப் பார்த்தாள்.

"வேலய முடிச்சிட்டு வர்றேம்மா" என்று மட்டும் சொன்னாள்.

ஓடுகிற மெயின்பிரேமில் நேரடியாகக் கைவைக்க முடியாது. கோப்புகளை மொத்தமாகக் கொப்பி எடுத்து, 'சேர்விஸ்' என்று பெயர் வைத்த ஒரு வெற்றுக் கோப்புறையின் மேல் ஏற்றுவார்கள். அதுதான் மவுண்ட். கொப்பியில் திருத்தங்களைப் போட்ட பிறகு இறக்கிவிடுவார்கள்; அது அன்மவுண்ட். மேலே ஒன்று ஏறியிருக்கும் வரை அடியில் கிடப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. அழிந்துபோவதில்லை. மூடிக் கிடக்கும், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் மெஷினுக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்பது கம்பனி விதி. கொழும்பிலிருந்து வினோதா சொல்லச் சொல்ல, இங்கே துஷாந்த் செய்வான். அவன் மண்ணோடு போன பிறகு இந்த வேலை நடப்பது இன்றுதான் முதல் தடவை.

மூன்று மணிக்குத் திருத்தங்கள் முடிந்தன. ஜன்னலுக்கு வெளியே தேயிலையும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. மூன்று பத்துக்கு அன்மவுண்ட் கட்டளை கொடுத்தாள்.

இறங்கவில்லை.

'பாவனையில் உள்ளது' என்றது திரை. உள்ளே ஆள் இருந்தால் மவுண்ட் இறங்காது. ஆனால் இன்று அவளைத் தவிர வேறு யாருமே மெஷினுக்குள் வரவில்லை. உள்ளே இருப்பவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தாள்.

ஒரே ஒரு பெயர்.

துஷாந்த்.

அவன் போன மறுவாரமே அந்தப் பெயரை மெஷினிலிருந்து அவளே தன் கையால் அழித்திருந்தாள்.

அந்த அறையில் எப்போதும் சூடான தூசி வாசம்தான் அடிக்கும். இப்போது ஈரமண் வாசம். பிய்ந்த வேரின் பச்சை வாசம்.

இரண்டு வழி இருந்தது. உள்ளே இருப்பவனை வலுக்கட்டாயமாக வெளியே தள்ளலாம். இல்லாவிட்டால், அவனாக வெளியே வரும் வரை மெஷினைக் காத்திருக்கச் சொல்லலாம்.

அவள் காத்திருக்கச் சொன்னாள்.

அம்மாக்கண்ணு பிளேன்டீயோடு வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"என்னா மிஸ், மண்ணு வாட அடிக்குது?"

வினோதாவுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அம்மா... அன்னைக்கி அவன் போன்ல சொன்னான். மழ விடல அக்கா, மண்ணு சரியுதுங்குறாங்க, அம்மாவ கூட்டிட்டு வந்துர்றேன்னான். நான்தான் விடல. மொதல்ல அன்மவுண்ட் பண்ணிட்டுப் போடா, பத்து நிமிசந்தானேன்னேன்."

அம்மாக்கண்ணு கோப்பையை மேசையில் வைத்தாள்.

"நான் அவனுக்கு சோத்த எடுத்துக்கிட்டு ரோட்டு வழியா எறங்கிட்டேன். அவன் குறுக்குப் பாதையில ஏறியிருக்கான்" என்றாள் மெதுவாக. "வெறும் லயத்துக் காம்பராவுல என்னயத் தேடியிருப்பான்."

பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பத்து நிமிசம் முந்தி வந்திருந்தா நான் வீட்டுலதான் மிஸ் இருந்திருப்பேன். ரெண்டு பேரும் சேந்து எறங்கியிருப்போம்."

வினோதா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப எதுக்கு சும்மா குந்தியிருக்கீங்க?"

"உள்ள... ஆள் இருக்கும்மா. வெளிய வரணும்."

அம்மாக்கண்ணு குனிந்து திரையைப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் மகன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தினமும் துடைத்துக் கொடுத்தவள் அவள். அந்த எழுத்துகளின் உருவம் அவளுக்குத் தெரியும்.

அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தாள்.

"அய்யா," என்றாள் ரகசியம் போல. "அம்மா அங்க இல்லய்யா. ஸ்டோருல இருக்கேன். எறங்கி வாப்பா."

மெஷினின் விசிறிகள் ஒரு மூச்சு நின்று, மறுபடி சுற்றின.

மவுண்ட் இறங்கியது.

வினோதா கோப்புறையைத் திறந்தாள். ஒன்றும் இருக்கக் கூடாது. ஒரு கோப்பு இருந்தது. இன்றைய தேதி. நேரம் மூன்று இருபத்துநாலு. அன்றைக்கு மலை சரிந்த நேரம்.

உள்ளே ஒரே வரி.

"அம்மா கொரலு கேக்குது. இருட்டா இருக்கு. எந்தப் பக்கம் வரணும்?"

"என்னா மிஸ் எழுதிருக்கு?"

வினோதா வாசித்துக் காட்டினாள். அம்மாக்கண்ணு அழவில்லை. எழுந்து போய் மாடிப்படி விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். மலைப் பக்கத்துக் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்தாள். பனி உள்ளே வந்தது.

அதற்குப் பிறகு 'சேர்விஸ்' மேல் வினோதா எதையும் ஏற்றவில்லை. திருத்த வேலைக்கு வேறு இடம் பிரித்தாள். கொழும்பில் கேட்டவர்களுக்கு ஏதோ ஒரு காரணம் சொன்னாள். ஒவ்வொரு போயாவுக்கும் அவள் வருகிறாள். அம்மாக்கண்ணு பகலிலேயே எல்லா விளக்கையும் போட்டு வைக்கிறாள். பத்து நிமிடத்தைப் பற்றி இருவரும் மறுபடி பேசவில்லை.

நேற்றும் போயா. மூன்று இருபத்துநாலுக்குக் கோப்பைத் திறந்தாள். பழைய வரிக்குக் கீழே புதிதாக ஒன்று இருந்தது.

"வெளிச்சம் தெரியுது அக்கா. எறங்கிக்கிட்டு இருக்கேன்."