சித்தி எந்தக் கையைத் தூக்கினாள்?

மிளகுக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆள் சின்னது, பேச்சு காரம். அதனால் அப்பா வைத்த பெயர் மிளகு.

மிளகுக்கு வயது பத்து. அவள் ஒரு நடுவர்.

எங்கே நடுவர் என்கிறீர்களா? மாடி அறையில். சாயங்காலம் சித்தி வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, மேசை முன்னால் உட்காருவாள். உடனே மிளகு சமையலறை அலாரக் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் விறைப்பாக நிற்பாள்.

"போட்டியாளர் தயாரா?"

"தயார், நடுவர் அவர்களே!"

"சத்தம் போடக் கூடாது. பக்கத்துல எட்டிப் பார்க்கக் கூடாது."

"பக்கத்துல யாருமே இல்லையேடி!"

"நடுவரை எதிர்த்துப் பேசக் கூடாது. ம்... தொடங்கு!"

சித்தி ஒரு சுடோகு வீராங்கனை. பெரிய சதுரத்துக்குள் குட்டிக் குட்டிக் கட்டங்களாக இருக்குமே, அதுதான். சில கட்டங்களில் மட்டும் எண் இருக்கும். மற்றவற்றை நாம் நிரப்ப வேண்டும். ஒரு வரிசையில் ஒரு எண் ஒரு தடவைதான் வரலாம். நமக்கெல்லாம் ஒன்றை முடிப்பதற்குள் தலை கிறுகிறுத்துவிடும். சித்தியோ கடலை கொறிப்பதுபோல முடித்துக்கொண்டே போவாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது செய்தித்தாளில் வந்த சுடோகுவைப் போட்டுப் பழகியவள். பிறகு ஊர்ப் போட்டி, அதற்கடுத்து பெரிய நகரத்துப் போட்டி என்று ஏறி, இப்போது நாட்டிலேயே சிறந்தவர்கள் மோதும் போட்டிவரை வந்துவிட்டாள். பகலில் அவளுக்கு ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் பொருத்தமாகக் கண்ணாடி மாட்டிவிடுவாள்.

ஒவ்வொரு நாளும் பயிற்சி முடிந்ததும் சித்தி நடுவரின் கன்னத்தைக் கிள்ளுவாள். அதுதான் நடுவரின் சம்பளம். சித்தியின் கையெல்லாம் பென்சில் கறுப்பு. அது அப்படியே மிளகின் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"உங்க ரெண்டு பேரையும் எந்தச் சோப்பு போட்டுத் துவைக்கிறது?" என்று அம்மா தினமும் கேட்பாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன வருடத்து இறுதிப் போட்டிவரைக்கும்.

அந்தப் போட்டியில் முடித்தவர் கையைத் தூக்க வேண்டும். கை தலைக்கு மேலே போய்விட்டால் அப்புறம் பென்சிலைத் தொடக் கூடாது. சித்திதான் எல்லாருக்கும் முன்னால் கை தூக்கினாள். அரங்கமே கை தட்டியது. நடுவர் வந்து தாளைப் பார்த்தார். ஒரே ஒரு கட்டம் காலி! ஒரு கட்டம் காலியானாலும் மதிப்பெண் பூஜ்யம்தான்.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறவங்களுக்கு ஒரு கட்டம் கண்ணுல படலையாம்!" என்று அப்பா கிண்டல் செய்தார்.

"போங்க மாமா!" என்று சித்தியும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மிளகு அதைக் கவனித்தாள்.

அதிலிருந்து சித்திக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எல்லாக் கட்டத்தையும் நிரப்பிய பிறகும் கை தூக்க மாட்டாள். முதல் வரிசையிலிருந்து விரல் வைத்துப் பார்ப்பாள். மறுபடியும் பார்ப்பாள். அப்புறம் இன்னொரு தடவை பார்ப்பாள். அதற்குள் கடிகாரம் 'கிர்ர்ர்' என்று கத்திவிடும்.

போட்டிக்குச் சில நாட்களே இருக்கும்போது, சமையலறையில் சித்தி அம்மாவிடம் பேசுவது மிளகின் காதில் விழுந்தது.

"இந்தத் தடவை முதல் மூணு பேருக்குள்ள வந்தாதான் நாட்டு அணியில சேர்ப்பாங்க அக்கா. இந்த வேகத்துல போனா வர மாட்டேன். வரலைன்னா இதோட விட்டுடலாம்னு இருக்கேன்."

"என்னடி பேசுறே?"

"பென்சிலைத் தொட்டாலே பயமா இருக்கு அக்கா."

சித்தி விட்டுவிட்டால் மாடி அறை இல்லை, கடிகாரம் இல்லை, கன்னத்தில் கறுப்பும் இல்லை. அதைவிட, சித்தி பயந்து மிளகு பார்த்ததே இல்லை. கரப்பான்பூச்சியைக்கூட வாலைப் பிடித்துத் தூக்கிப் போடுகிற சித்தி அவள்! (கரப்பான்பூச்சிக்கு வால் கிடையாது என்பது வேறு விஷயம்.)

மிளகு யோசித்தாள். நேராக அப்பாவிடம் போனாள்.

"அப்பா, போட்டி அன்னிக்கு நீங்க பின்னாடி இருந்து 'கட்டம்!'னு ஒரு சத்தம் குடுங்க. சித்திக்கு ஞாபகம் வந்துடும்."

"நல்லா இருக்கே! அங்க தும்மினாலே வெளிய அனுப்பிடுவாங்க. கத்தினா என்னைத் தூக்கிட்டுதான் போவாங்க."

மிளகு பெருமூச்சு விட்டாள். அப்பா கொஞ்சம் கனமான ஆள். தூக்குகிறவர்கள் பாவம்.

அன்று மாலையும் பயிற்சி நடந்தது. அன்றும் சித்தி முடிப்பதற்குள் கடிகாரம் கத்தியது. சித்தி நடுவரின் கன்னத்தைக் கிள்ளினாள். மிளகு முகம் கழுவப் போனாள். கண்ணாடியில் பார்த்தால் வழக்கம்போல ஒரு கறுப்புத் தீற்றல்.

தண்ணீரைத் திறக்கப் போன கை அப்படியே நின்றது. அவள் திரும்பி ஓடினாள்.

"சித்தி, கையைக் காட்டு!"

சித்தி கையை நீட்டினாள். சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கை ஓரம் முழுக்கக் கறுப்பாக இருந்தது.

"இங்க மட்டும் எப்படி இவ்ளோ கறுப்பு?"

"எழுதும்போது தாள்ல தேய்க்குதுல்ல, அதான்."

"எப்படித் தேய்க்குது? எழுதிக் காட்டு."

சித்தி இடதுகைக்காரி. இடது கையைத் தாளின் மேல் வைத்து எழுதிக் காட்டினாள்.

"அப்படியே இரு! எடுக்காதே!"

மிளகு குனிந்து, மூக்கு மேசையில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"சித்தி, உன் கைக்கு அடியில கட்டம் இருக்கு. உனக்குத் தெரியுதா?"

"கை மறைச்சா எப்படித் தெரியும்?"

"போன வருஷம் விட்டுப் போன கட்டம் எங்க இருந்துச்சு?"

சித்தி யோசித்தாள். அவள் முகம் மாறியது. "கீழ... இடது பக்கம் ஓரமா."

"அப்போ எந்தக் கையைத் தூக்கினே?"

சித்தியின் வலது கை தானாக மேலே போனது. "இதைத்தான். இடது கையில பென்சில் இருக்கும்ல? இது சும்மாதானே இருக்கு, சட்டுனு தூக்கலாம்."

"அந்த நேரத்துல இடது கை எங்க இருந்துச்சு?"

சித்தி தன் இடது கையைப் பார்த்தாள். அது தாளின் மூலையில் சொகுசாகப் படுத்திருந்தது.

"அடிப்பாவி!" என்றாள் சித்தி. மிளகைச் சொன்னாளா, கையைச் சொன்னாளா தெரியவில்லை.

"எல்லாத்தையும் மூணு தடவை பார்க்க வேண்டாம் சித்தி. எழுதுற கையையே தூக்கு. அது எழுந்திரிச்சாதான் அடியில என்ன இருக்குன்னு தெரியும். பார்த்துட்டு அப்புறம் மேல தூக்கு. அவ்ளோதான்!"

சொல்வது சுலபம். வலது கையைப் பழக்கம் விடவில்லை. முடிந்ததோ இல்லையோ, முந்திரிக்கொட்டை மாதிரி மேலே போய் நின்றது. கடைசியில் மிளகு தன்னுடைய அழிரப்பரைக் கொண்டுவந்து அந்தக் கையில் திணித்தாள்.

"இதை இறுக்கிப் பிடிச்சுக்கச் சொல்லு. சும்மா இருக்கிறதாலதானே ஆடுது? வேலை குடுத்தா அடங்கிடும்."

போட்டி நாள் வந்தது. பெரிய அறை, வரிசையாக மேசைகள். கயிற்றுக்குப் பின்னால் அப்பா, அம்மா, மிளகு. சித்திக்குப் பக்கத்து மேசையில் போன வருடம் வென்ற தாடிக்காரர் உட்கார்ந்து விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தார்.

இறுதிச் சுற்று தொடங்கியது. பென்சில்கள் கீறும் ஓசை மட்டும் கேட்டது. அப்பாவுக்குத் தும்மல் வந்தது. இரண்டு கையாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

தாடிக்காரர் கை தூக்கினார். மூலையில் ஒரு பெண்மணியும் தூக்கினார். இன்னும் ஓர் இடம்தான் பாக்கி.

சித்தி கடைசி எண்ணை எழுதினாள். வலது கை மெல்ல அசைந்தது. 'வேண்டாம், வேண்டாம்' என்று மிளகு மனதுக்குள் கத்தினாள். அந்தக் கை அழிரப்பரை இறுக்கிக்கொண்டு கீழேயே நின்றது. இடது கை எழுந்தது. தோள்வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

சித்தி தாளைக் குனிந்து பார்த்தாள். கையைச் சட்டென்று இறக்கி எதையோ எழுதினாள். அப்புறம் அதே கையை, பென்சிலோடு, கூரையைக் குத்துவதுபோலத் தூக்கினாள்!

அடுத்த நொடி, பின்வரிசையில் இன்னொருவர் தூக்கினார்.

நடுவர் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். சித்தியின் தாளை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தது போல இருந்தது. பிறகு தலையாட்டினார். மூன்றாம் இடம்! சித்தி நாட்டு அணியில் சேர்ந்துவிட்டாள்.

அதுவரை அடக்கி வைத்திருந்த தும்மலை அப்பா விட்டார். அறையே திரும்பிப் பார்த்தது.

சித்தி கயிற்றைத் தாண்டி ஓடி வந்து மிளகைக் கட்டிக்கொண்டாள். "ஒரு கட்டம் இருந்துச்சுடி! கைக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"மச்சினிச்சி, இனிமே கடைக்கு வர்றவங்களுக்கு மிளகையே கண்ணாடி மாட்டச் சொல்லுங்க" என்றார் அப்பா.

சித்தி அழிரப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிளகின் இரண்டு கன்னத்தையும் நன்றாகக் கிள்ளினாள். அம்மா கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மிளகு இரண்டு கைகளாலும் கன்னங்களை மூடிக்கொண்டாள்.

"இன்னிக்கு மட்டும் துடைக்காதேம்மா. இது என் சம்பளம்!"