மீன் தொட்டிக்குக் கட்டை வந்த பிறகு

காலையில் பல் தேய்த்துக்கொண்டே கூடத்துக்கு வந்த சிஐடி, மீன் தொட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நேற்றுவரை தெளிவாக இருந்த தண்ணீர், இன்று ஆறிப்போன டீயைப் போல இருந்தது.

"அப்பா, யாரோ தொட்டியில எதையோ கலந்திருக்காங்க," என்றாள், வாய் நிறைய நுரையோடு.

"முதல்ல துப்பிட்டு வா. அப்புறம் துப்பு துலக்கலாம்," என்றார் அப்பா.

சிஐடி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். பிஸ்கட் டப்பாவில் ஒன்று குறைந்தால் கண்டுபிடிப்பாள். அப்பா முடி வெட்டிக்கொண்டு வந்தால், எந்தக் கடையில் வெட்டினார் என்பதையும் கண்டுபிடிப்பாள். பள்ளியில் அவள் ஐந்தாம் வகுப்பு மாணவி. வீட்டில் முழுநேரக் காவல்துறை.

தொட்டி அவளுடையது. அதில் சின்னச் சின்ன மீன்கள் இருந்தன. பச்சைச் செடிகள் இருந்தன. நடுவில், அவள் பிறந்தநாளுக்கு வந்த பிளாஸ்டிக் கோட்டை கம்பீரமாக நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக 'பசை' இருந்தான். பசை ஒரு கறுத்த மீன். நாள் முழுக்க வாயைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, அதில் படியும் பாசியைச் சப்பிச் சப்பித் தின்பான். அதனால் அந்தப் பெயர்.

இதுவரை தொட்டியில் ஒரு வம்பும் இல்லை. வம்பெல்லாம் அக்கா வந்த பிறகுதான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல, பெரியம்மா மகள். இதே ஊரில் இருந்த பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் தூரத்து ஊரில் வேலை கிடைத்துவிட்டது. பாதி வருஷத்தில் பள்ளியை மாற்ற வேண்டாம் என்று, அக்காவை இங்கே விட்டுவிட்டுப் போனார்கள். அவள் ஒரு பெரிய பையோடும், பழைய துண்டில் சுற்றிய ஒரு மரக்கட்டையோடும் வந்து இறங்கினாள்.

கட்டை வளைந்து நெளிந்து, மான் கொம்பு போல இருந்தது. ஆறு அடித்துக்கொண்டுவந்து கரையில் போட்டது என்றாள்.

"இதைத் தொட்டியில வச்சுக்கலாமா சித்தப்பா?" என்று கேட்டாள். வந்ததிலிருந்து அவள் கேட்டது அது ஒன்றுதான்.

"தாராளமா," என்றார் அப்பா. ஆனால் தொட்டியில் இடம் தாராளமாக இல்லை. ஒரு பக்கம் கோட்டை, ஒரு பக்கம் செடி. அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். குறுகிய இடத்தில் பெரிய பொருளை நுழைப்பது அவருக்குப் பழகிய வேலை. "கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா," என்று மீன்களிடம் சொல்லிவிட்டு, கட்டையின் ஒரு நுனியைக் கோட்டை வாசலுக்குள் செருகினார். கட்டை எப்படியோ நின்றது.

சிஐடிக்கு அப்போதே பிடிக்கவில்லை. அவளிடம் யாரும் அனுமதி கேட்கவில்லையே.

இப்போது தண்ணீர் பழுப்பாகிவிட்டது. அதோடு நிற்கவில்லை. மறுநாள் காலையில் செடிகளில் பாதி, வேரோடு பிடுங்கிக்கொண்டு மிதந்தது. அதற்கு மறுநாள் கோட்டை சாய்ந்து கிடந்தது. தொட்டியின் கீழே தரை ஈரமாக இருந்தது.

"என் நைலான் நூல்கண்டைப் பாத்தியாடி?" என்று அம்மா கேட்டாள். அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். பாவாடைகளில் மணி கோக்க அந்த நூல் வேண்டும். "இந்த மெஷின் மேலதான் வச்சேன். காலு முளைச்சா போகும்?"

சிஐடி பால்கனிக்குப் போனாள். பூந்தொட்டியின் மேல் அழகுக்கு வைத்திருந்த கூழாங்கற்களில் ஒன்று காணவில்லை.

தண்ணீர், செடி, கோட்டை, நூல், கல். அவள் மூளை விறுவிறுவென்று ஓடியது.

"அக்கா, தொட்டில நீ கை வச்சியா?"

அக்கா பாடப் புத்தகத்திலிருந்து நிமிரவில்லை. "இல்லையே."

"உன் சட்டைக் கை ஏன் ஈரமா இருக்கு?"

"முகம் கழுவினேன்."

முகம் கழுவினால் முழங்கைக்கு மேலேயா நனையும்? சிஐடி அம்மாவிடம் போய்க் காதில் கிசுகிசுத்தாள்.

"வாயை மூடு," என்றாள் அம்மா. "அவளே அப்பா அம்மாவை விட்டுட்டு வந்து வாடிப்போய் இருக்கா. நீ வேற விசாரணை கமிஷன் வைக்காதே."

அன்று சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால், பசையைக் காணோம்.

முன் கண்ணாடியில் இல்லை. பின் கண்ணாடியில் இல்லை. கோட்டைக்குள் இல்லை. எகிறிக் குதித்துவிட்டானோ என்று மேசைக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் தேடினாள். தூசியும், எப்போதோ தொலைந்த ஒரு ரப்பரும்தான் கிடைத்தன.

அக்கா கடைக்குப் போயிருந்தாள். அவளுடைய பை கட்டிலுக்கு அடியில் இருந்தது.

சிஐடி ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு ஜிப்பைத் திறந்தாள். மடித்த துணிகள், பெரியப்பா பெரியம்மாவோடு அக்கா சிரிக்கும் ஒரு படம், ஒரு சீப்பு. துணிகளுக்கு அடியில் அம்மாவின் நைலான் நூல்கண்டு.

சந்தேகம் உறுதியாகிவிட்டது. ஆனால் நூலை வைத்து மீனை என்ன செய்ய முடியும்? தூண்டிலா? பையை அவசரமாக மூடினாள். யாரிடமும் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடித்தால்தான் அம்மா நம்புவாள்.

மறுநாள் விடிகிற நேரம். பக்கத்துக் கட்டிலில் அசைவு கேட்டது. சிஐடி போர்வைக்குள் கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். அக்கா சத்தமில்லாமல் எழுந்து கூடத்துக்குப் போனாள். சிஐடி பின்னாலேயே போனாள்.

தொட்டியின் மூடி திறந்திருந்தது. அக்காவின் ஒரு கை தோள்வரை தண்ணீருக்குள். இன்னொரு கையில் கூழாங்கல். பல்லில் நைலான் நூல்.

"என்ன பண்ற?"

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். கை நழுவியது. உள்ளே அழுத்திப் பிடித்திருந்த கட்டை விர்ரென்று மேலே வந்து, ஒரு செடியையும் பிடுங்கிக்கொண்டு, பாதி உடம்பைத் தண்ணீருக்கு வெளியே காட்டி மிதந்தது.

"ஒண்ணும் இல்ல," என்றாள் அக்கா. நூல் பல்லில் இருந்ததால் அது "ஒண்ணுமுள்ள" என்று கேட்டது.

"அப்பா, அம்மா, வாங்க," என்று சிஐடி கூப்பிட்டாள். இருவரும் தூக்கக் கலக்கத்தோடு வந்தார்கள். அவள் எல்லாவற்றையும் கடகடவென்று கொட்டினாள். நூலைச் சொன்னாள், கல்லைச் சொன்னாள், பசையைக் காணோம் என்பதையும் சொன்னாள்.

அப்பா தொட்டியைக் குனிந்து பார்த்தார். "தண்ணி இந்த நிறத்துல இருந்தா மத்த மீனுக்கும் ஏதாவது ஆயிடும். இந்தக் கட்டையை எடுத்து பால்கனில போட்டுடலாம். என்னம்மா?"

"சரி சித்தப்பா," என்றாள் அக்கா.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றாள்.

சிஐடிக்கு அது சரியாகப் படவில்லை. அவளுடைய பொருளை யாராவது எடுத்து வெளியே போடுகிறேன் என்றால், அவள் தெருவையே கூட்டியிருப்பாள். இவள் ஏன் சண்டை போடவில்லை? தப்பு செய்தவர்கள்தானே வாய் ஓயாமல் பேசுவார்கள்? பிஸ்கட் எடுத்த அன்றெல்லாம் அப்பாதான் அதிகம் பேசுவார்.

அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் கை விட்டார். அவர் கைக்குப் பக்கத்தில் கண்ணாடி தெரிந்தது. அதில் லேசாகப் பச்சைப் பாசி படிந்திருந்தது. ஆனால் ஓர் இடத்தில் மட்டும், வளைந்து வளைந்து ஒரு தடம், துடைத்துவிட்டதுபோலப் பளிச்சென்று இருந்தது.

நேற்று சாயங்காலம் அவள் மூக்கை வைத்துப் பார்த்தது அதே கண்ணாடியைத்தான். அப்போது அந்தத் தடம் இல்லை.

அதை யார் சப்பியிருப்பார்கள்? பசை உள்ளேதான் இருக்கிறான்; அவள் தேடாத இடம் கட்டை ஒன்றுதான்.

"அப்பா, கட்டையைத் தூக்காதீங்க. அப்படியே கையை எடுங்க."

அவள் ஓடிப்போய் டார்ச்சைக் கொண்டுவந்தாள். கண்ணாடிக்கு அருகே முட்டி போட்டு, கட்டையின் அடிப்பக்கத்தில் வெளிச்சம் அடித்தாள். அங்கே விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. பொந்துக்குள் ஒரு கறுத்த வால்.

அம்மாவும் குனிந்து பார்த்தாள். "நாம எல்லாரும் பதறிட்டு இருக்கோம், இவன் குடித்தனமே ஆரம்பிச்சுட்டானே."

கட்டையைத் தூக்கி வெயிலில் போட்டிருந்தால் பசையும் சேர்ந்தே போயிருப்பான். அப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சிஐடி அக்காவிடம் திரும்பினாள். "நீ தினமும் இதைத்தான் பண்ணிட்டு இருந்தியா? மிதக்கிற கட்டையை உள்ள தள்ளிட்டு?"

அக்கா தலையை ஆட்டினாள். மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். அவளும் பெரியப்பாவும் ஆற்றங்கரைக்குப் போனபோது எடுத்த கட்டை அது. அவர்கள் வீட்டிலும் பெரிய தொட்டி இருந்தது. பெரியப்பா கட்டையைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்தார். ஊறவைப்பதற்குள் வீட்டைக் காலி செய்யும்படி ஆகிவிட்டது. தொட்டியையும் மீன்களையும் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

"தண்ணிக்கு ஒண்ணும் ஆகல சித்தப்பா. புதுக் கட்டைல சாயம் இறங்கும், மீனுக்குக் கெடுதல் இல்லைன்னு அப்பா சொல்லியிருக்காரு. கட்டை தண்ணி குடிச்சுக் குடிச்சுக் கனமாச்சுன்னா தானா மூழ்கிடும். அதுவரைக்கும் கல்லைக் கட்டலாம்னு பாத்தேன். கல்லு சின்னது. ராத்திரி அவுந்துடுது. அவங்க என்னைப் பாக்க வரும்போது இது தண்ணிக்குள்ள இருக்கணும்னு நெனச்சேன்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேம்மா," என்றாள் அம்மா.

"வந்த இடத்துல யாருக்கும் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. நூலை எடுத்தது தப்புதான் சித்தி."

அம்மா அக்காவின் ஈரச் சட்டைக் கையைத் தன் முந்தானையால் பிழிந்துவிட்டாள்.

சிஐடிக்குக் காது சுட்டது. "நீ பசையை என்னமோ பண்ணிட்டேன்னு நெனச்சேன்," என்றாள்.

"தெரியும். என் பையைத் திறந்து பாத்தியே."

"எப்படித் தெரியும்?"

"நான் ஜிப்பை முழுசா மூடுவேன். நீ பாதியில விட்டுட்டே."

அப்பா இருமுவதுபோலத் திரும்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்பது சிஐடிக்குத் தெரியும்.

"இனிமே திறக்க மாட்டேன்," என்றாள் அவள். "கட்டை எங்கேயும் போக வேணாம். முதல்ல ஊற வைப்போம். ஆனா பசையை வெளியே கொண்டுவரணும். அவனுக்கு வெள்ளரிக்காய்னா உயிர்."

இருட்டினால் பயமில்லாமல் வெளியே வருவான் என்று, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, தொட்டி விளக்கை அணைத்தார்கள். அக்கா ஒரு வெள்ளரித் துண்டை நூலில் கட்டி, தூரத்து மூலையில் இறக்கினாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். கால் மரத்துப்போனது. அம்மா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டுப் போனாள். கடைசியில் பொந்திலிருந்து ஒரு வாய் எட்டிப் பார்த்தது. பசை வழுக்கிக்கொண்டு இறங்கி, வெள்ளரியை நோக்கிப் போனான்.

"இப்ப," என்றாள் சிஐடி. அக்கா கட்டையை அப்படியே வெளியே எடுத்தாள். பசைக்கு அதுவரை தங்க, உடைந்த பூந்தொட்டியின் ஒரு பாதியைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார்கள்.

அதன்பிறகு கட்டை குளியலறைக்குக் குடிபோனது. பெரிய வாளியில் முங்கவைத்து, மேலே ஒரு செங்கல்லை ஏற்றினார்கள். பள்ளிவிட்டு வந்ததும் இருவரும் பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினார்கள்.

"இந்த வீட்டுல கட்டை குளிச்ச பிறகுதான் எனக்கு முறை வருது," என்று அப்பா துண்டோடு வாசலில் நின்று புலம்பினார்.

ஒவ்வொரு நாளும் சிஐடி செங்கல்லை எடுத்துப் பார்ப்பாள். கட்டை மேலே வரும். மறுபடி செங்கல். நாளாக நாளாக அது சோம்பேறித்தனமாக மேலே வந்தது. அப்புறம் பாதியிலேயே நின்றது. ஒரு நாள் செங்கல்லை எடுத்தபோது, கட்டை அசையவே இல்லை.

இரண்டு பேரும் வாளியைச் சுமந்துகொண்டு கூடத்துக்கு ஓடினார்கள். தொட்டிக்கு முன்னால் வந்ததும் அக்கா நின்றாள். இடம் அன்று இருந்த அதே இடம்தான். கட்டையை எந்தப் பக்கம் திருப்பினாலும் கோட்டை இடித்தது.

"நுனியைக் கொஞ்சம் வெட்டிடலாம்," என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போது அவள் கட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிஐடி நாற்காலி மேல் ஏறினாள். தண்ணீருக்குள் கை விட்டு, கோட்டையைப் பிடுங்கி எடுத்தாள். அதன் வாசல் வழியாகத் தண்ணீர் ஒழுகியது.

"அது உன் பிறந்தநாள் கோட்டையாச்சே."

"உள்ள யாரும் குடியிருக்கல. சும்மாதானே நிக்குது," என்றாள் சிஐடி. "கட்டையைக் குடு."

அக்கா கொடுத்தாள். கட்டை தொட்டியின் நடுவில் இறங்கி, மணலில் மெத்தென்று உட்கார்ந்தது. அக்கா சொல்லச் சொல்ல, சிஐடி அதைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி, பொந்து முன்னால் தெரியும்படி வைத்தாள். கொம்பு கொம்பாக நின்ற கிளைகளுக்கு நடுவே மீன்கள் உடனே புகுந்து விளையாட ஆரம்பித்தன. பசை மட்டும் கண்ணாடியிலிருந்து ரொம்ப நேரம் நோட்டம் பார்த்தான்.

"சந்தேகப்படுறான்," என்றாள் அக்கா. "உன்னை மாதிரியே."

சிஐடி சிரித்துவிட்டாள். விளக்கை அணைத்ததும் பசை இறங்கி வந்து, பொந்துக்குள் வாலை ஆட்டிக்கொண்டே போனான்.

மறுநாள் விடுமுறை. விடிந்ததும் சிஐடிக்கு விழிப்பு வந்துவிட்டது. கூடத்துக்குப் போய் எட்டிப் பார்த்தாள். தரை உலர்ந்திருந்தது. கட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. திரும்பி வந்து பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். அக்கா வாயைத் திறந்துகொண்டு, கை கால்களைப் பரப்பிப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடுப்படியில் அப்பா மிக்ஸியின் பொத்தானில் விரல் வைத்தார். சிஐடி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"அப்புறம் போடுங்கப்பா," என்றாள் மெல்ல. "அக்கா தூங்கட்டும்."