வடை மடித்த தாள்

இந்தக் காலத்து ஆட்களுக்கு வாயை மூடவும் தெரியாது, கதவை மூடவும் தெரியாது. டவுன் பஸ்ஸில் ஏறி செல்போனைக் காதில் வைத்தால் போதும்... பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தது, மாமியாருக்கு மூலம் அறுத்தது எல்லாம் கண்டக்டர் வரைக்கும் கேட்கும். வீட்டைப் பூட்டிச் சாவியை ஜன்னலில் வைத்துவிட்டு, வைத்த இடத்தைப் பால்காரனிடமும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அப்புறம் ஏதாவது காணாமல் போனால், பூட்டு சரியில்லை என்று பூட்டுக்காரனிடம் வந்து நிற்கிறார்கள்.

சிவனாண்டி அந்தப் பூட்டுக்காரர். செல்லூரில் பாலம் ஸ்டேஷன் ரோட்டோரம் ஒரு தகரப் பெட்டி, இரண்டு அரம், சாவி தொங்கும் ஒரு பெரிய வளையம்... கடை அவ்வளவுதான். வயது அறுபத்தொன்று. படிப்பு ஐந்தாவது. மனைவி போய் ஒன்பது வருஷம். யாரையும் நம்பாமல் இருப்பதுதான் அவர் தொழில் என்று சொன்னாலும் தப்பில்லை.

இரண்டாயிரத்து நாலு, ஐப்பசி. சாயங்கால மழை பிடித்துக்கொண்டதும் எதிரே சோணையம்மாளின் வடைக் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினார். இரண்டு வடையைத் தாளில் மடித்துக் கொடுத்தாள். தின்று முடித்துக் கையைத் துடைக்கப் போனவர், தாளில் இருந்த ஒரு பெயரைப் பார்த்து நின்றுவிட்டார்.

மாயக்காள். தகப்பனார் பெயர் சிவனாண்டி.

எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார்.  அது அவர் மகள் கோர்ட்டில் போட இருந்த மனு. கொட்டாம்பட்டியில் வாழப்போன இடத்தில் புருஷன் அடித்த அடி, உடைந்த கை எலும்பு, எல்லாம் அச்சில் இருந்தது. அதைவிடக் கொடுமை கடைசி வரி. அவள் இப்போது ஒளிந்து தங்கியிருக்கும் டி. கல்லுப்பட்டி விடுதியின் விலாசம். கொன்றுவிடுவேன் என்று அரிவாளோடு தேடிக்கொண்டிருக்கிறான் அவன். பெற்ற அப்பன் இதுவரை அந்த ஊர்ப் பெயரைத் தூக்கத்தில்கூட உளறியதில்லை. மருமகன் ஓட்டுவதோ லோடு வேன். தறியில் நெய்த துண்டு மூட்டை ஏற்ற வாரம் இரண்டு தடவை இதே செல்லூருக்கு வருகிறவன்...

தாள் ஏது என்று கேட்டார். மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் டீச்சரம்மா கொடுப்பது என்றாள் சோணையம்மாள். தினம் இரண்டு வடை மேலே போகும், சனிக்கிழமை ஒரு கட்டுத் தாள் கீழே வரும். ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும், எண்ணெயை நன்றாக இழுக்கும் என்று பெருமையாக வேறு சொன்னாள்.

படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். வயது அப்போது ஞாபகத்தில் இல்லை.

உள்ளே மேஜைக்கு அடியில் யாரோ வயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கம்ப்யூட்டர் நின்றுபோய்விட்டதாம். வெளியே வந்தாள் ஒரு பெண்மணி. ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று இருக்கும். நரைத்த முடியில் ஒட்டடை. மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள்... மழை நின்றதும் ஊருணித் தண்ணீர் எப்படித் தெளிந்து கிடக்குமோ, அப்படி. சிவனாண்டிக்கு ஒரு நொடி சொல்ல வந்தது மறந்தது. மறந்ததற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. தாளை மேஜைமேல் அறைந்தார்.

"இது உங்க இடத்துத் தாளா?"

"தாளைக் கீபோர்டு மேல வைக்காதீங்க. எண்ணெய் உள்ள இறங்கிரும்."

"எண்ணெய் இறங்குனா துடைச்சுக்கலாம். என் மக கழுத்துல அருவா இறங்குனா எதை வச்சுத் தொடைப்பீங்க?"

அவள் தாளை எடுத்துப் படித்தாள். முகம் வெளுத்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. முப்பது வருஷம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த மிடுக்கு அப்படி. கெட்டுப்போன தாளை வக்கீல் குமாஸ்தாதான் கையோடு எடுத்துப்போயிருக்க வேண்டும், கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்றாள்.

சிவனாண்டி குரலை இறக்கினார். இறக்கினால்தான் அவருக்கு நிஜமான கோபம் என்று அர்த்தம்.

"சாவி வெட்டும்போது ஒண்ணு கோணிப்போகும். அதை அப்படியே குப்பையில போட மாட்டேன். பல்லை அராவி மொட்டையாக்கிட்டுத்தான் போடுவேன். ஏன்னா... கோணச் சாவியும் கதவைத் திறக்கும்மா. நான் அஞ்சாப்பு. எனக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியலை."

 ஆணியில் மாட்டியிருந்த குடையை எடுத்தாள். முந்தாநாள் அந்தப் பக்கத்துக்கு மூன்று தடவை பிரிண்ட் கொடுத்ததாகவும், மூன்றும் சரியாக வராததால் நான்காவதைத்தான் குமாஸ்தா வாங்கிப்போனதாகவும் சொல்லிக்கொண்டே படியிறங்கினாள். அப்படியென்றால் இன்னும் இரண்டு தாள் ஊரில் கிடக்கிறது.

ஒன்று சோணையம்மாளின் கட்டிலேயே கிடைத்தது. மூன்றாவது இல்லை. மத்தியானம் ஒரு லோடு வேன்காரன் எட்டு வடை பார்சல் கட்டிப்போனான், எந்த ஊர் வண்டியோ தெரியாது என்றாள். சிவனாண்டி தூணைப் பிடித்துக்கொண்டார்.

தேடினார்கள். வேன் நின்ற இடத்திலிருந்து தறிக்கூடத்துச் சந்து வரைக்கும், சாக்கடை ஓரம் கசங்கிக் கிடந்த தாளையெல்லாம் குனிந்து குனிந்து எடுத்தார்கள். ஒன்றில் யாரோ ஒரு பையன் கணக்கில் தோற்ற மார்க் ஷீட். ஒன்றில் செவ்வாய் தோஷ ஜாதகம், போட்டோவோடு. ஒன்றில் ஒரு கிழவரின் ரத்தப் பரிசோதனை. எல்லாம் அவள் கடையில் அடித்ததுதான். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அவள் முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கியது. குடை அவர்கள் இரண்டு பேருக்கும் பற்றவில்லை. அவள் அதை அவர் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்தாள். அவள் தோள் முழுக்க நனைந்திருப்பதை அவர் ரொம்ப நேரம் கழித்துத்தான் கவனித்தார்.  செய்த காரியத்துக்கு நனையட்டுமே என்று ஒரு மனம்... ஐயோ பாவம் என்று ஒரு மனம். இரண்டாவது மனத்தை வாய்க்குள்ளேயே திட்டினார்.

சந்து முனையில் அவள் சட்டென்று நின்றாள். முந்தாநாளிலிருந்து பிரிண்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது, தட்டிப் பார்த்தும் சரியாகாமல் இன்னொன்றில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்றாள். சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது, மூன்றாவது தாள் அதற்குள்ளேயே சிக்கியிருக்கலாம்.

திரும்பி ஓடினார்கள். பிரிண்டரின் மூடியைத் திறந்தால் உள்ளே உருளைக்கு நடுவே வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. அவள் இழுத்தாள். கிழிந்தது. சிவனாண்டி அவளை நகரச் சொல்லிவிட்டு, பூட்டுக்குள் ஒடிந்த சாவியை எடுக்கும் மெல்லிய கொக்கியைப் பையிலிருந்து எடுத்தார். அவள் டார்ச் பிடித்தாள். நனைந்த கூந்தலிலிருந்து ஒரு சொட்டு அவர் மணிக்கட்டில் விழுந்தது. கை ஆடவில்லை. நாற்பது வருஷத் தொழில். நெஞ்சுதான் தேவையில்லாமல் ஆடியது...

தாள் விசிறி மாதிரி மடிந்து வெளியே வந்தது. விலாசம் முழுசாக இருந்தது. ஒருவர் கண்ணும் அதன்மேல் பட்டிருக்கவில்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். சத்தமில்லாமல். சிவனாண்டிக்கு ஆறுதல் சொல்ல வராது. கம்ப்யூட்டருக்குள் இருப்பதையும் அழியுங்கள் என்று கடுகடுத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ அமுக்கி, அழித்தாயிற்று என்றாள். அவர் திரையை உற்றுப் பார்த்தார். மூலையில் சின்னதாக ஒரு கூடை. அதற்குள் கசங்கிய தாள்.

"அந்தக் கூடையில கெடக்கிறது என்னது?"

அவள் அதிர்ந்துபோய் அவரைப் பார்த்தாள். பார்த்தபடியே சிரித்துவிட்டாள். அழுத கண்ணோடு சிரித்தால் ஒரு முகம் இப்படியா ஆகும்... சிவனாண்டி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அழித்தது அந்தக் கூடையில்தான் போய்க் கிடக்கும், அதையும் காலி செய்ய வேண்டும், இத்தனை வருஷத்தில் ஒரு ஆள் இதைக் கேட்டதில்லை என்றாள். காலி செய்தாள். கூடை வெறுங்கூடையானது. அதற்கு அடியில் இன்னொரு கூடை இருக்காது என்று என்ன நிச்சயம் என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்த நாளும் போனார். குப்பைத் தாள் என்ன ஆகிறது என்று பார்க்கத்தான். அதற்கடுத்த நாளும் போனார். வசுந்தரா என்பது அவள் பெயர் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. கெட்ட தாளைப் போட அவளுக்கு ஒரு தகரப் பெட்டி செய்து பூட்டுப் போட்டுக் கொடுத்தார். வாரம் ஒரு தடவை மொட்டை மாடியில் இரண்டு பேருமாக அதை எரித்தார்கள். எரியும்போது அவள் பேசுவாள். புருஷன் போய்ப் பதினாறு வருஷம் ஆனதையும், டைப்ரைட்டரை விற்றுக் கம்ப்யூட்டர் வாங்கிய அன்று அழுததையும் அப்படித்தான் சொன்னாள். அவர் குச்சியால் சாம்பலைக் கிளறிக்கொண்டே கேட்பார். சோணையம்மாளுக்கு வடை மடிக்க மந்தாரை இலை வாங்கிக் கொடுத்தாயிற்று. "சிவனாண்டிண்ணே, வேவு பாக்கப் போறீகளா, இல்ல வேற எதையும் பாக்கப் போறீகளா?" என்று சோணையம்மாள் கேட்டாள். அன்றிலிருந்து அவர் சட்டையை இஸ்திரி போட்டார்.

கார்த்திகையில் ஒருநாள் வசுந்தராவின் தம்பி ராஜாராம் வந்திருந்தான். அக்காவிடம் அவர்கள் வீட்டுப் பாஷையில், சௌராஷ்டிரத்தில், படபடவென்று பேசினான். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் பேச்சு தன் செருப்பிலிருந்து தலைவரைக்கும் ஏறி இறங்குவது சிவனாண்டிக்குப் புரிந்தது. பிறகு தமிழில், மரியாதையாகவே சொன்னான். குப்பையை இனி நாங்களே பார்த்துக்கொள்கிறோம், தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள் என்றான். வசுந்தரா தலை குனிந்து நின்றாள். தம்பியை எதிர்த்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பெட்டிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கினார். பதினெட்டு நாள் அந்தப் பக்கம் தலை வைக்கவில்லை. நாலடி தூரத்தில் இருக்கும் மாடியை நிமிர்ந்து பார்க்காமலிருக்கக் கழுத்து எவ்வளவு வலிக்கும் என்பது அந்தப் பதினெட்டு நாளில் தெரிந்தது. வந்த வாடிக்கையாளர்களிடம் எல்லாம் எரிந்து விழுந்தார்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் தூறலில் அவளே வந்து தகரப் பெட்டி முன்னால் நின்றாள். குடை இல்லை. மாயக்காளிடமிருந்து கம்ப்யூட்டரில் கடிதம் வந்திருக்கிறது, வக்கீல் குமாஸ்தா என் மெயில் விலாசத்தை அவளுக்குக் கொடுத்திருக்கிறார், மேலே வாங்க என்றாள். யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

விடுதியில் மகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறார்களாம். கை கூடிவிட்டதாம். கோர்ட்டில் அவள் விலாசத்தை அவனுக்குக் காட்டாமல் மூடி வைக்க வக்கீல் உத்தரவு வாங்கிவிட்டாராம். வசுந்தரா வாசிக்க வாசிக்க, சிவனாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பதில் போட அவர் பெயரிலேயே ஒரு மெயில் கணக்கு திறந்து தருவதாகச் சொன்னாள். ரகசியச் சொல்லை அவரே அடிக்க வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது, தன்னிடமும்தான் என்றாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

சிவனாண்டி ஒற்றை விரலை எழுத்துக்கு மேலே நிறுத்தினார்.

"இந்தச் சொல்லு எங்கிட்டுப் போய்க் கெடக்கும்?"

"அமெரிக்காவுல... ஏதோ ஒரு பெரிய கம்ப்யூட்டர்ல."

"அதுக்கு யாரு சாவி வச்சிருக்கா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லவில்லை. "எனக்குத் தெரியலை."

"அப்ப வேணாம். மகளைப் போய் நேர்ல பாத்துச் சொல்லிக்கிறேன்." எழுந்தார். செருப்பைத் தேடினார்.

அவள் இன்னும் திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே பேசினாள். தம்பியிடம் நேற்றே பேசிவிட்டதாகவும், இது என் வீடு, என் வயசு, என் இஷ்டம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். அப்புறம் குரல் அடங்கியது.

"தெருவுல வெத்தலைக்காரர்லருந்து போஸ்ட்மேன் வரைக்கும் எல்லாரையும் அண்ணேன்னுதான் கூப்பிடுறேன். உங்களை ஒரு நாளாச்சும் அப்படிக் கூப்பிட்டிருக்கேனா? முதல் நாள்லருந்து வாய் வரலை... நீங்கதான் எல்லாத்தையும் உத்துப் பாக்குறவராச்சே. இது மட்டும் ஏன் தெரியலை?"

சிவனாண்டி குனிந்தார். அவ்வளவு நேரம் தேடிய செருப்பு காலடியிலேயே கிடந்தது.

"தெரிஞ்சுச்சு," என்றார். "நம்பலை. நம்மளை யாரு விரும்புவான்னு நம்பலை. எனக்கு உங்களை அம்புட்டுப் பிடிக்கும், வசுந்தரா. அந்த மழையில குடையை என் பக்கம் சாய்ச்சீங்களே, அப்பலருந்து. கோபத்துலயே ஒரு மாசத்தை ஓட்டிட்டேன்."

அவள் திரும்பினாள். கண்கள்... அதை விடுங்கள். அவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

"சாயந்தரம் வாரேன்," என்றார். "ஒண்ணு சொல்றேன். இப்பச் சொன்னதை அதுல ஏத்திராதீங்க."

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன் என்று அவள் சிரித்தாள். சிவனாண்டி படியிலிருந்து திரும்பி, கறுத்துக் கிடந்த திரையை ஒரு தடவை முறைத்துப் பார்த்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிற மாதிரி இருந்தது. அணைந்ததா, கேட்டுக்கொண்டிருக்கிறதா, யார் கண்டது? தலையை ஆட்டிக்கொண்டே தூறலில் இறங்கி நடந்தார்.