மஞ்சள் பூசிய கடிதம்

"ரண்டு மணிக்குள்ளை கையெழுத்து வைக்காட்டி அப்பா தப்பமாட்டார், ஐயா. சித்தப்பா வைக்க விடுறாரில்லை."

துஷாந்தினி கைபேசியை ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட் தம்பிஐயாவிடம் நீட்டினாள். அவளுடைய அப்பா முத்துக்குமாரு, மண்டையில் இரத்தம் கட்டி, நினைவின்றி ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"ஒரு கிழமையாப் பழுதாக் கிடக்கிற தண்ணி மோட்டரைப் பார்க்க நேற்று ரண்டு பேரும் உரும்பிராய்த் தோட்டத்துக்குப் போனவை. கிணற்றடி ஈரத்திலை அப்பா வழுக்கி விழுந்தாராம். சித்தப்பா சொல்லுறார்."

டொக்டர் ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்டதும் சித்தப்பா குகதாசன் ஒரு கடிதம் கொண்டுவந்தார். அதன் படம்தான் கைபேசியில். 'எனக்கு நினைவு தவறினால் வைத்திய முடிவுகளைத் தம்பி குகதாசனே எடுக்கட்டும். என் உடம்பில் கத்தி வைக்கவேண்டாம்.' கீழே கையொப்பம். திகதி மே 12. நான்கு மூலையிலும் மஞ்சள்.

"அது அப்பான்ரை வழக்கம். பல்ப் வாங்கின ரசீதுக்கும் மஞ்சள் பூசித்தான் வைப்பார்."

"அப்ப கடிதம் அசல்தான், அண்ணை!" என்றான் ஜெயசுதன். தம்பிஐயாவுக்கு ஓட்டோவும் வலக்கையும் அவன்தான்.

"மஞ்சளைக் கண்டவுடனை விலை பேசாதை."

அப்பாவின் அடையாள அட்டையை எடுக்கத் துஷாந்தினி வீட்டுப் படலையில் ஓட்டோ நின்றது. மதிலில் வெயிலில் வெளுத்த கண்ணீர் அஞ்சலி: அவளுடைய பெரியப்பா மார்க்கண்டு, மறைவு மே 1, அந்தியேட்டி மே 31. தம்பிஐயா இரண்டு தரம் வாசித்தார்.

ஆஸ்பத்திரி வார்ட் வாசலை மறித்துக்கொண்டு நின்றார் குகதாசன்.

"நீர் ஆர் காணும், எங்கடை வீட்டு விசயத்துக்கை?"

"கடிதத்தை மதிக்க வந்தனான். எப்ப தந்தவர்?"

"மே பன்ரண்டு. என்ரை கண்ணுக்கு முன்னாலை எழுதி, மஞ்சள் பூசித் தந்தவர். அண்டு துவக்கம் என்ரை அலுமாரியிலை பூட்டிக் கிடந்தது."

"நிச்சயமோ? பிறகு விலை குறைக்கக் கூடாது."

"நிச்சயம்!"

தம்பிஐயா, கையில் கடிதத்தோடு பக்கத்தில் நின்ற டொக்டரிடம் திரும்பினார். "மே முதலாந் திகதி இவையின்ரை மூத்த அண்ணை மோசம் போனவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி மட்டும் தம்பிமாருக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. கோயில் இல்லை, நல்ல காரியம் இல்லை. பல்ப் ரசீதுக்கே மஞ்சள் பூசுற மனுசன் துடக்குக்குள்ளை மஞ்சளைத் தொடுவாரோ?"

"அந்த மாதம் முழுக்க மஞ்சள் கிண்ணம் கவிண்டுதான் கிடந்தது," என்றாள் துஷாந்தினி.

"நேற்று இவரே எழுதின கடிதம், டொக்டர். திகதியைப் பின்னுக்குத் தள்ளினவர் துடக்கை மறந்துபோனார்."

"அண்ணை ஆபரேஷனிலை செத்துப்போவாரெண்டு பயத்திலை..." குகதாசனின் குரல் இறங்கியது.

"செத்துப்போவாரெண்டோ, பிழைச்சிடுவாரெண்டோ? மோட்டர் ஒரு கிழமையா ஓடேல்லை. மழையுமில்லை. காய்ஞ்ச சீமெந்திலை எந்த ஈரம் காணும் வழுக்கினது? ஆர் தள்ளினதெண்டு சொல்ல அவர் ஒருத்தர்தான் இருக்கிறார்."

டொக்டர் கடிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்தார். பேனாவைத் துஷாந்தினியிடம் நீட்டினார்.

"எடி, கொப்பர் மேசையிலை செத்தா நீதான் பொறுப்பு!" என்று கத்தினார் குகதாசன்.

"ஓம். பொறுப்பெடுக்கத்தான் கையெழுத்து வைக்கிறன்."

ஒன்று ஐம்பதுக்கு முத்துக்குமாருவின் கட்டில் உருண்டு போயிற்று. குகதாசன் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார். அங்கே ஜெயசுதன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டான்.

"இருங்கோ அண்ணை. அவர் கண் முழிச்சவுடனை முதல்லை உங்களைத்தான் கேட்பார்."