இடது கை

அருஞ்சுனைக்கு அவசரமாக ஒரு குரு தேவைப்பட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டையில் சாரணர் சங்கத் தலைவராகப் பதவியேற்பு. விழா மலரில் பஞ்சுக்கடை முதலாளி தனியாக நின்றால் எடுபடாது. தம்மை ஆளாக்கிய சாரண ஆசிரியர் தாவீதுராஜோடு கை குலுக்கும் படம் வேண்டும். பதினெட்டு வருடமாக ஒரு தபால் கார்டு போட மனம் வராதவர், ஒரே மாதத்தில் மூன்று கடிதம் எழுதினார். பதில் இல்லை. ஆகவே 1978 பங்குனியில், உச்சி வெயிலில், போட்டோக்காரர் நல்லமுத்துவோடு திருச்சுழிக்குக் காரில் வந்து இறங்கினார். காக்கி அரைக்கால் சட்டை. அதற்கு மேல், அடங்க மறுக்கும் முதலாளித் தொந்தி.

கரிசல் காட்டை ஒட்டிய ஓட்டு வீடு. சுற்றுவட்டாரத்தில் ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை.

கதவைத் திறந்தவர் அற்புதமேரி டீச்சர். தாவீதுராஜ் சாரின் மனைவி. அருஞ்சுனைக்குக் கயிற்றில் முதல் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தவர்.

"வாப்பா அருஞ்சுன. கடுதாசி மூணும் வந்துச்சு. வாசிச்சுக் காட்டுனேன். உன்னப் பாக்கணும்னுதான் இருக்காக."

"சாருக்கு எம்மேல கோவம் ஒண்ணுமில்லையே, டீச்சர்?"

"நீயே கேட்டுக்க."

கோபப்பட என்ன இருக்கிறது? 1960இல் பாலவனத்தம் முகாமில் அருஞ்சுனை ஒளிந்து குடித்த பீடி, ஒரு சம்சாரியின் வைக்கோல் படப்பைக் கொளுத்திவிட்டது. சார் எரிகிற வைக்கோலை வெறுங்கையால் இழுத்துப் போட்டு அணைத்தார். விசாரணையில் அருஞ்சுனை மூன்று விரலை உயர்த்தி, "சாரண மானத்தின் மேல் ஆணை, பீடி குடிச்சது சார்தான்" என்றார். சாருக்கு வேலை போயிற்று. விவரம் தெரியாத வயசு; அவ்வளவுதானே!

உள்ளறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. வெயிலில் கூசிய கண்ணுக்கு, நாற்காலியில் ஓர் உருவம் மட்டும் தட்டுப்பட்டது.

கருகிய வைக்கோல் நெடி.

"கைய நீட்டுங்க அண்ணாச்சி, எடுத்துருவோம்," என்று கிசுகிசுத்தார் நல்லமுத்து.

சாரணர்கள் குலுக்குவது இடது கையை. அருஞ்சுனை நீட்டினார். இருட்டிலிருந்து ஒரு கை வந்து பற்றியது.

அடுப்பில் கிடந்த இரும்பாய்ச் சுட்டது.

"பீடி யாருலே குடிச்சா?"

குரல் காதுக்குள் கேட்டது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் முதுகுக்குப் பின்னால் நல்லமுத்து; அவர் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையோ பதவி.

"நீங்கதான்... சார்."

பிடி இறுகியது. கேமரா வெளிச்சம் பளிச்சென்று வெட்டியது.

நாற்காலியில் யாரும் இல்லை.

"சாரு செத்து ஒம்பது வருசமாச்சுப்பா," என்றார் டீச்சர், நிலைப்படியில் சாய்ந்துகொண்டு. "நீயாத் தேடி வரட்டும்னுதான் காத்துக் கெடந்தோம். அவுகளப் பத்திரமாக் கூட்டிட்டுப் போ."

ஊர் வந்து சேர்ந்த பிறகும் இடது கையை மடக்க முடியவில்லை. வைத்தியர் சுளுக்கு என்றார்.

ஞாயிறு மாலை, அந்தக் கையை யாருக்கோ கொடுத்தவர் போல நீட்டியபடியே மேடையேறினார். புதுத் தலைவரின் தோரணை என்று ஊர் கை தட்டியது. மைக் முன்னால் வலது கையின் மூன்று விரல்களை உயர்த்தினார்.

"என் மானத்தின் மேல் ஆணையாக..."

இடது கை எலும்பு நெரிந்தது.

"யாருலே?"

"நான்தான்!" மைக்கில் அலறினார். "பீடி குடிச்சது நான்தான்! படப்பு எரிஞ்சதும் என்னாலதான்! உங்க மேல பொய் சொன்னேன்! விட்டுருங்க சார்!"

மாலையோடு வந்த பிரமுகர் மெல்லப் பின்வாங்கினார்.

பிடி தளரவில்லை.

"சரி. வா."

மேடையின் இடப்பக்கம் படி கிடையாது. அருஞ்சுனை அந்தப் பக்கமாகத்தான் இறங்கினார். குதிகால்கள் பலகையில் கோடு கிழிக்க, நீட்டிய கை முன்னே போக.

கூட்டம் ஒதுங்கி வழி விட்டது.

இரண்டு பேர் நடக்கிற அகலத்துக்கு.